மனப்பாடம் செய்த புருசன்

மே 6

கொழும்பில் ஆங்கிலப் பரீட்சைக்கு மறுபடி நாள் குறித்தாகிவிட்டது. ஜூன் நடுவில். நெல்லியடியில் அருமைநாயகம் சேரின் வகுப்புக்கு இன்று போனேன். என்னைக் கண்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "நிரோஜினி, நீர் இன்னும் போகேல்லையோ?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்கள் மட்டும் போய்விட்டார்களாக்கும்! எல்லோரும் லண்டனில் புருசனை வைத்துக்கொண்டு கரவெட்டியிலும் உடுப்பிட்டியிலும் இருந்து இங்கிலீசு பாடமாக்குகிறவர்கள்தான்.

போன முறை பயத்தில் வாயே திறக்கவில்லை. இந்த முறை விளையாட்டில்லை. நேற்று லண்டனில் இருந்து என்னுடைய அவர் போன் கோலில் தெளிவாகச் சொல்லிவிட்டார். மகள் மிதுவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. செப்டம்பரில் அங்கே பள்ளிக்கூடம் தொடங்குகிறது. தகப்பன் அந்த நாட்டுக் குடியுரிமைக்காரர் என்பதால் பிள்ளைக்குப் பாஸ்போட் எப்போதோ வந்து அலுமாரியில் கிடக்கிறது. எனக்குத்தான் விசா வேண்டும். விசாவுக்கு இந்தப் பரீட்சை வேண்டும்.

"ஆகஸ்டில நான் வாறன். நீர் பாஸ் பண்ணினா பிள்ளை உம்மோடயே நிண்டு, விசா வந்த பிறகு ரெண்டு பேருமா வாங்கோ. இல்லாட்டி நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன். நீர் பிறகு வாரும்."

பிறகு என்றால் எப்போது என்று கேட்க வாயெடுத்தேன். கோல் நின்றுவிட்டது.

மே 9

சேரின் முறை இதுதான். ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதுவார். அதன் விளக்கத்தை ஆங்கிலத்திலேயே சொல்லுவார். பிறகு அந்தச் சொல்லை வைத்து வசனங்கள். எல்லாவற்றையும் நாங்கள் தேவாரம் போலச் சேர்ந்து சொல்ல வேண்டும். "வெறும் சொல்லைத் தெரிஞ்சு வைச்சு என்ன செய்யிறது? வசனம்தான் வேணும்" என்பார்.

இன்றைய சொல் ஹஸ்பண்ட். ஒரு பெண் மணம் செய்துகொண்ட ஆண் என்பது விளக்கம். அடுத்தது வசனங்கள். மை ஹஸ்பண்ட் இஸ் எ கைண்ட் மேன். அன்பான மனிதராம். கடையில் வேலை செய்கிறாராம். நீல நிறக் கார் வைத்திருக்கிறாராம். நண்டுக் கறி என்றால் அவருக்கு உயிராம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவாராம்.

என் பக்கத்தில் இருக்கும் துஷ்யந்தி கையை உயர்த்தினாள். "சேர், என்ர அவரிட்டக் கார் இல்லையே."

"பிள்ளை, சோதினைக்காரிக்கு உம்மட மனுசனைத் தெரியுமோ? இல்லைத்தானே. பிழை வராத வசனம் இது. அப்பிடியே சொல்லும்."

வருடக்கணக்காக இந்த வகுப்பில் படித்த எல்லோருக்கும் சேர் இந்தப் புருசனைத்தான் கொடுத்தனுப்பி இருக்கிறார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமையில் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறவரை எவள் வேண்டாம் என்பாள்.

மே 18

தண்ணீர் மோட்டார் பழுது. நாள் முழுக்க வாளியால் அள்ளி இடுப்பு ஒடிந்தது. அள்ளும்போது வாளிக்கு ஒரு வசனம், கயிற்றுக்கு ஒரு வசனம்.

பின்னேரம் வதனாக்கா வீடியோ கோலில் வந்தா. அவருடைய தமக்கை. லண்டனில் அவரும் மாமியும் வதனாக்காவோடும் அவ புருசனோடும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். வதனாக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் மிது மேல் கொள்ளை ஆசை. பள்ளிக்கூடப் பை வாங்கிவிட்டா. சப்பாத்து வாங்கிவிட்டா. இன்று இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கட்டில் காட்டினா. மிது போனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள். அரைமணி நேரமாக இங்கிலீசும் தமிழுமாய் ஒரே சிரிப்பு.

நல்ல மனசு. எந்த மச்சாள் இந்தக் காலத்தில் இப்படிச் செய்வாள்? நான் சுகமா என்று கேட்க அவவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 2

குசினி முழுக்க இங்கிலீசுச் சொல் எழுதிய கடதாசி ஒட்டி வைத்திருக்கிறேன். அரிசி வாளியில் ஒன்று, அம்மியில் ஒன்று. ஐயா, என்னைப் பெற்றவர், தேத்தண்ணீர் போட வந்து சீனிப் போத்தலில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இதுவும் சோதினைக்கு வருமோ?" என்றார். பகிடியாகத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்து வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 16

கொழும்பு போய் வந்தேன்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அங்கே இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். துஷ்யந்தியையும் என்னையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கிறதே என்று இருவரும் கையைப் பிடித்துச் சந்தோசப்பட்டோம். பரீட்சைக்காரி தலைமுடியைக் குட்டையாக வெட்டிய, சாந்தமான ஒரு பெண். முதலில் துஷ்யந்தியைப் பார்த்து, உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். துஷ்யந்தி தண்ணீர் பட்ட பாடாய் ஒப்பித்தாள். அன்பானவர், கடை, நீலக் கார், நண்டுக் கறி, பூங்கா. ஒரு சொல் தவறவில்லை.

பிறகு பரீட்சைக்காரி என் பக்கம் திரும்பினாள். உங்கள் கணவர்?

என் வாயில் வேறு புருசன் இல்லை. என்ன செய்வேன்? அதே ஆளைச் சொன்னேன். அதே கடை, அதே கார், அதே நண்டு. நான் சொல்லச் சொல்லத் துஷ்யந்தியின் கால் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தது. ஆனால் பாடமாக்கியதை நடுவில் நிறுத்தினால் எனக்கு எல்லாம் மறந்துவிடும். பூங்கா வரைக்கும் போய்த்தான் நின்றேன்.

பரீட்சைக்காரி பேனையைக் கீழே வைத்தாள். உங்கள் கணவரிடமும் நீலக் காரா என்று கேட்டாள். யெஸ் என்றேன். அவருக்கும் நண்டா? யெஸ். இரண்டு பெண்சாதிகளும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில், புருசன் ஒருவர். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

பிறகு மெதுவாக வேறொன்று கேட்டாள். நேற்று நீங்களும் உங்கள் கணவரும் என்ன கதைத்தீர்கள்?

ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நேற்று, நீங்கள், கணவர், கதைத்தல். எல்லாவற்றுக்கும் விளக்கமும் தெரியும். பதில்தான் இல்லை. நேற்று அவர் கோல் எடுக்கவில்லை. முதல்நாளும் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று சேர் சொல்லித் தரவில்லை.

திரும்பி வரும் வழியில் துஷ்யந்தி ரயிலில் வவுனியா வரை அழுதாள். வவுனியாவில் வடை வந்தது. சாப்பிட்டுவிட்டுச் சிரித்தாள். "மச்சாள், எங்கட மனுசனுக்கு ரெண்டு வடை வாங்குவமோ?" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு கிளிநொச்சி வரை நான் அழுதேன்.

ஜூன் 25

முடிவு வந்தது. இருவரும் சித்தியில்லை, பெயில்.

அவருக்குச் சொன்னேன். "ம்" என்றார். கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். கோபப்படவே இல்லை. பாரம் குறைந்த ஆள் மாதிரிக் கதைத்தார். என்னைத் தேற்றுவதற்காக இருக்கும்.

ஜூன் 28

ஆகஸ்ட் 12 இல் இன்னொரு நாள் கிடைத்திருக்கிறது. அவர் வந்து நிற்கிற நேரம். இதுதான் கடைசி. இதையும் விட்டால் பிள்ளை போய்விடும்.

சேரிடம் இனிப் போவதில்லை. அவர் மேல் கோபமில்லை, அவருடைய புருசனைத்தான் பிடிக்காமல் போய்விட்டது. சொற்களையும் விளக்கங்களையும் அவரிடம் படித்தபடியே வைத்துக்கொள்கிறேன். வசனங்களை என் பாட்டில் நானே எழுதப் போகிறேன், உண்மையான வசனங்கள். உண்மையைப் பாடமாக்கத் தேவையில்லை அல்லவா? மறக்காது.

ஜூலை 1

ஹஸ்பண்ட் என்ற சொல்லுக்கு முன்னால் காலையில் இருந்து இருக்கிறேன்.

அவர் பெயர் சசிரூபன். வயது முப்பத்தெட்டு. உயரம். இடது புருவத்தில் ஒரு தழும்பு. அவ்வளவுதான் வருகிறது. என்ன வேலை? வேலைக்குப் போகிறார். எங்கே? லண்டனில். எத்தனை மணிக்கு எழும்புவார், காலையில் என்ன சாப்பிடுவார், யாரோடு சிநேகம்? கல்யாணமாகி ஆறாவது வருடம் நடக்கிறது. அவர் இங்கே வந்து நின்ற நாளையெல்லாம் கூட்டினாலும் மூன்று மாதம் தேறாது. அந்த மூன்று மாதமும் விருந்துக்கும் கோயிலுக்கும் போய்த் தீர்ந்தது.

துஷ்யந்திக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். "எனக்கும் அதேதான் மச்சாள். நான் அவரிட்டக் கேட்டு எழுதுறன்" என்றாள். அவளுடைய அவர் ஒரு மணி நேரம் இருந்து சொன்னாராம். கோழிப் பண்ணையில் வேலையாம். காலில் நடக்க விடாத ஆணிக்கூடு இருக்கிறதாம், அதைக்கூடச் சொன்னாராம். அவள் அதற்கு இங்கிலீசு தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 4

கேட்டேன்.

"நீங்கள் விடிய என்ன சாப்பிடுறனீங்கள்?"

"என்ன திடீரெண்டு?"

"சோதினைக்கு. வசனம் எழுத. வேலைக்கு எதில போறனீங்கள், பஸ்ஸிலயோ?"

"நிரோ, என்ன விசாரணை இது? ஆர் உம்மைக் கேக்கச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை என்றேன். சத்தியம் செய்தேன். களைப்பாக இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்றார். வேலைக் களைப்பு. பாவம்.

எனக்குக் கிடைத்த ஒரே வசனம் இதுதான்: என் கணவர் களைப்பாக இருக்கிறார்.

ஜூலை 13

வீடு என்ற பாடம். வீட்டில் எத்தனை அறை, எதில் யார் படுப்பது என்று கட்டாயம் கேட்பார்கள். மிதுவைக் கொண்டு கேட்பித்தேன். "அப்பா, வீட்டைக் காட்டுங்கோ" என்று அவள் கெஞ்சியதும் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பிள்ளை கேட்டால் மறுக்க மாட்டார். அது அவரிடம் உள்ள நல்ல குணம்.

மூன்று அறை. ஒன்றில் மாமி. ஒன்று வதனாக்காவும் புருசனும் படுக்கிற பெரிய அறை. மிதுவின் இளஞ்சிவப்புக் கட்டில் அதற்குள்தான் போடப்பட்டிருக்கிறது, வதனாக்காவின் கட்டிலோடு ஒட்டினாற்போல். மூன்றாவது அவருடையது. ஒற்றைக் கட்டில். சுவரோடு அலுமாரி. கதவு முழுதாகத் திறக்க இடமில்லை.

"நான் வந்தா எங்க படுக்கிறது?" என்று கேட்டேன். பகிடி மாதிரித்தான் கேட்டேன்.

"அதைப் பிறகு பாப்பம்" என்றார்.

லண்டனில் பெரிய வீடு கிடைப்பது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஜூலை 14

மிதுவுக்குக் காய்ச்சல். ஒன்றும் படிக்கவில்லை.

ஜூலை 27

ஐயா இன்று சாப்பிடும்போது தொடங்கினார். "பிள்ளையின்ர எதிர்காலத்தையும் பாக்க வேணும் நிரோ. நீ பாஸ் பண்ணினாலும் விடாட்டிலும் அவளை அனுப்பிவிடு. இஞ்ச கிடந்து என்னத்தைக் காணப் போறாள்?"

"நான் இஞ்ச கிடந்துதானே வளந்தனான்."

"அதுதானே சொல்லுறன்."

சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். நான் ஒருநாளும் ஐயாவிடம் இப்படி நடந்ததில்லை. எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுக்கிறார்கள். இழுபடுவது என் பிள்ளை. இந்தப் பரீட்சையில் சித்தியடைந்தால் ஒருவரும் வாய் திறக்க முடியாது, அவர் தந்த வாக்கு இருக்கிறது. பன்னிரண்டாம் திகதிவரை எனக்கு வேறு நினைப்பே வேண்டாம்.

ஆகஸ்ட் 6

அவர் வந்துவிட்டார். இரண்டு பெட்டி. ஒன்று முழுக்க மிதுவுக்கு வதனாக்கா கொடுத்துவிட்டது. எனக்கு ஒரு சென்ட் போத்தல். நல்ல வாசம்.

மெலிந்திருக்கிறார். காலையில் பேக்கரிப் பாணும் சம்பலும்தான் சாப்பிடுகிறார். எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12

பரீட்சை முடிந்தது. கொழும்பு விடுதியில் இருந்து எழுதுகிறேன்.

இந்த முறை என்னோடு உள்ளே வந்தது மட்டக்களப்புப் பெண் ஒருத்தி. அவள் தன் புருசனைப் பற்றிச் சொன்னாள். குறட்டை விடுவாராம், அதனால் தனக்கு நித்திரை இல்லையாம். கேட்கவே ஆசையாக இருந்தது.

பிறகு நான். என் கணவரிடம் கார் இல்லை என்று தொடங்கினேன். அவர் பாண் சாப்பிடுவார், களைப்பாக இருப்பார் என்றேன். வீட்டைப் பற்றிக் கேட்டாள் பரீட்சைக்காரி. மூன்று அறையையும் சொன்னேன். மகளின் கட்டிலைச் சொன்னேன். உங்கள் கட்டில் எங்கே என்று கேட்டாள். தேர் இஸ் நோ பெட் ஃபோர் மீ என்றேன். எனக்குக் கட்டில் இல்லை.

எழுதி வைத்த வசனம் இல்லை அது. தானாக வந்தது. சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மட்டக்களப்புப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பரீட்சைக்காரி ஏதோ சொல்ல வந்து, நிறுத்தி, தாங்க் யூ என்றாள்.

பிழையில்லாத வசனம்தான். பலதரம் சொல்லிப் பார்த்துவிட்டேன், பிழையில்லை.

ஆகஸ்ட் 19

பாஸ்! பாஸ்! பாஸ்!

மிதுவைத் தூக்கிச் சுற்றினேன். ஐயா கடைக்கு ஓடிக் கற்கண்டு வாங்கி வந்தார். துஷ்யந்தியும் பாஸ். ஆணிக்கூடு காப்பாற்றிவிட்டது என்று போனில் கத்தினாள்.

அவரிடம் சொன்னேன். "நல்லது" என்றார். பிறகு நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனா பிள்ளைக்கு இருபத்தேழாம் திகதிக்கு டிக்கெட் போட்டாச்சு. பள்ளிக்கூடத்திலயும் இடம் எடுத்தாச்சு. உமக்கு நான் அங்க போய் விசாவுக்குப் போடுறன்."

"நான் பாஸ் பண்ணினா என்னோட நிக்கும் எண்டு சொன்னனீங்கள்."

"பாஸ் பண்ணுவீர் எண்டு ஆர் கண்டது?"

ஐயாவும் அவர் பக்கம்தான். சில மாதம்தானே என்கிறார். விசாவுக்குப் போடுகிறேன் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். சில மாதம். சில மாதத்தில் ஒரு பிள்ளை தாயை மறந்துவிடுமா? மறக்காது.

ஆகஸ்ட் 22

உடுப்புத் தோய்த்துக் கொடியில் போடப் பின்பக்கம் போனேன். அவர் கிணற்றடியில் நின்று வதனாக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இங்கிலீசுக்கு மாறினார். வந்த நாளில் இருந்து அப்படித்தான். அடிப்படைப் பரீட்சை பாஸ் பண்ணினவளுக்கு என்ன பெரிதாக விளங்கும் என்று நினைத்திருப்பார். பெரிதாக ஒன்றும் அவர் சொல்லவுமில்லை. எல்லாம் சின்னச் சின்ன வசனம். அந்தப் பக்கம் அவ அழுதுகொண்டிருந்திருக்க வேண்டும்.

டோன்ட் க்ரை. அழாதே.

ஐ வில் ப்ரிங் ஹர். அவளைக் கொண்டு வருவேன்.

ஒன்லி ஹர். ஒன்லி என்றால் அது மட்டும், வேறு ஒன்றும் இல்லை.

ஹர் மதர் வில் ஸ்டே ஹியர். ஸ்டே என்றால் இருந்த இடத்திலேயே இருத்தல்.

ஷீ இஸ் யுவர் டாட்டர் நௌ. இதற்கு விளக்கம் எழுத மாட்டேன்.

பரீட்சையில் ஒலிநாடாவை இரண்டுதரம் போடுவார்கள். இங்கே ஒருதரம்தான். போதுமாக இருந்தது. மிச்ச உடுப்பையும் உதறிப் போட்டேன். காற்றுக்கு விழாமல் கவ்வியும் குத்தினேன்.

ஆகஸ்ட் 23

சமைத்தேன். அவருக்கு மீன் பொரித்தேன். மிதுவின் பாஸ்போட்டை அலுமாரியில் இருந்து எடுத்து என் சட்டைக்குள் வைத்திருக்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 25

பாஸ்போட் எங்கே என்று கேட்டார். என்னிடம் இருக்கிறது, தர மாட்டேன் என்றேன். கிணற்றடியில் கேட்டதை ஒவ்வொரு வசனமாக இங்கிலீசிலேயே திருப்பிச் சொன்னேன். பாடமாக்குவதுதான் எனக்கு நன்றாக வருமே.

முகம் செத்துப் போய்விட்டது. கத்துவார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்காதான் என்னைச் சின்னனில அங்க கூப்பிட்டு ஆளாக்கினவ. அவவுக்கு எத்தினை பிள்ளை கலைஞ்சது தெரியுமோ? போன வருசம் அவ செத்துப்போவா எண்டே நினைச்சம். நான் என்ன செய்யிறது, சொல்லும்?"

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டாத் தருவீரோ?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில், நியாயம் சொல்கிற மாதிரிச் சொன்னார். "உமக்கு இன்னும் வயசிருக்கு நிரோ. இன்னொண்டு பெறலாம்."

இதைக் கேட்டுக்கொண்டு ஐயா வாசலில் நின்றார். அத்தனை நாளும் அவளை அனுப்பு என்று என்னை வாட்டியவர். உள்ளே வந்து, மிதுவின் கையைப் பிடித்து, செருப்புப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார். மருமகன் வந்த நாளில் இருந்து மரியாதைக்குத் தோளில் போட்டிருந்த சால்வையை மறந்து கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

வதனாக்காவை வெறுக்கப் பார்க்கிறேன். முழுதாக முடியவில்லை. அதுவும் ஆத்திரமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 27

விடியத் தனியாகப் போனார். விமான நிலைய வான்காரன் இரண்டு பேர் என்று வந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு போனான். ஏறமுன் வாசல் படலையில் நின்று, "இதுக்குத்தான் இங்கிலீசு படிச்சனீரோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அழுவது போல இருந்தது. வான் தெரு மூலையில் திரும்பும் வரைக்கும் நின்றேன்.

இனி விசா இல்லை. புருசன் உண்டா இல்லையா, அதுவும் தெரியாது. ஊர் என் முகத்துக்கு நேரேயே கேட்கும். பிள்ளைக்கு நல்லதைத்தான் செய்தேனா, என் ஆசைக்கு அவள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டேனா? காலையில் இருந்து இரண்டும் மாறி மாறி வருகிறது. யாராவது ஒருவர் சரி என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

மிது எழும்பிப் பெட்டியைத் தேடினாள். அப்பா போய்விட்டார் என்று தெரிந்ததும் நிலத்தில் விழுந்து உருண்டாள். அவளுக்குப் பிளேன் வேண்டும், இளஞ்சிவப்புக் கட்டில் வேண்டும். என் வயிற்றில் கையால் அடித்தாள். பிறகு எழும்பி நின்று, கார்ட்டூனில் படித்த இங்கிலீசில், மூக்கு ஒழுக ஒழுக, நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஐ டோன்ட் லவ் யூ எனிமோர்."

எல்லாச் சொல்லும் விளங்கியது.

மத்தியானம் சோறு பிசைந்து தீத்தினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கை வலிக்க வலிக்க நீட்டிக்கொண்டே இருந்தேன். கனநேரத்துக்குப் பிறகு, என்னைப் பார்க்காமலே, வாயைத் திறந்தாள்.